அந்த வர்ணனையைத் தாண்டு

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிகிற சமயம் என் போனுக்கு ஒரே மாதிரிப் படங்களாக வந்து விழும். நந்தனம் மைதானத்திலிருந்து பை பையாகச் சுமந்து வந்ததைக் கட்டிலில் பரப்பி, மேலே ஏறி நின்று எடுத்த படம், அதற்குக் கீழே இந்த வருஷம் ஐம்பது புத்தகம் முடிக்கப்போகிறேன் என்று ஒரு சபதம். சரி, நல்ல விஷயம்தான், 1977-லிருந்து நடக்கிற காட்சி, அங்கே கூட்டம் வருவதைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் யாராவது 'எனக்கு எழுதணும்னு ஆசை, என்ன செய்யலாம்?' என்று கேட்டுவிட்டால் போதும், பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'நிறையப் படி, எழுத்து தானா வரும்' என்கிறார்கள். தானாக எப்படி வரும்?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு மனிதர் இருந்தார். மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அங்கே இருந்த கதைப் புத்தகம் எல்லாவற்றையும் படித்து முடித்து, வேறு வழியில்லாமல் சித்த மருத்துவம், தேனீ வளர்ப்பு என்று அடுத்த அலமாரிக்கு நகர்ந்தவர். (நாமெல்லாம் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம், 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின் புண்ணியம். அந்தப் பத்துக் காசை முழுதாக வசூல் செய்துகொண்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.) அவர் வாழ்நாளில் ஒரு கதை எழுதவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றியதும் இல்லையாம். படித்தார், சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான். அதில் எந்தக் குறையும் இல்லை. படிக்கிறவர்கள் எல்லோரும் எழுத வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஆனால் சிலருக்கு மட்டும் படிப்பு அப்படியே எழுத்தாகத் திரும்புகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற கேள்வி. அதை யோசிக்கும்போதெல்லாம் இடைசெவல்தான் ஞாபகத்துக்கு வரும்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற கரிசல் கிராமம். அந்த ஒரே ஊரிலிருந்து இரண்டு சாகித்ய அகாதமி விருது. 1970-ல் கு. அழகிரிசாமி, 1991-ல் கி. ராஜநாராயணன். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டு வீட்டிலும் பேசுகிற மொழி தெலுங்கு. ஒருவர் பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, பிறகு பத்திரிகை வேலைக்கு என்று சென்னைக்கு ரயில் ஏறியவர். இன்னொருவர் எட்டாவதைத் தாண்டாத விவசாயி. மழைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதையும், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததையும் கி.ரா. எத்தனையோ இடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து படித்தவர்கள். கர்நாடக இசைப் பித்தும் இரண்டு பேருக்கும் உண்டு. ஒரு ஊரில் புத்தகப் பைத்தியம் ஒன்று இருந்தால் ஊர் அதைப் பார்த்துச் சிரிக்கும், இரண்டு இருந்துவிட்டால் அவர்கள் ஊரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடுகிற சபைக்கும் இருவரும் போனார்கள். அங்கே கம்பனைப் பொழிப்புரை வைத்துப் பாடம் எடுப்பதில்லை. டி.கே.சி. பாட்டை வாய்விட்டுச் சொல்வார், நிறுத்துவார், திரும்பச் சொல்வார், கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பார். தனக்கு ருசிக்காத பாட்டைக் கம்பனே எழுதவில்லை என்று தூக்கி எறிகிற துணிச்சலும் அவருக்கு இருந்தது. பண்டிதர்கள் அதற்காக அவரைத் திட்டினார்கள், திட்டியதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டைக் காதால் எடைபோடலாம் என்ற தைரியத்தை அந்தச் சபையில் உட்கார்ந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அழகிரிசாமி சென்னைக்குப் போனார், சக்தி பத்திரிகையில் வேலை பார்த்தார், 1950களில் சில வருஷம் மலாயாவில் தமிழ் நேசன் பத்திரிகையில் இருந்தார். கி.ரா. ஊரிலேயே. நடுவில் கடிதங்கள். சும்மா சௌக்கியம் விசாரிக்கிற கடிதங்கள் இல்லை, படித்ததை, கேட்ட பாட்டை, ஊரில் நடந்ததை எல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்கிற கடிதங்கள். அழகிரிசாமி எழுதியவற்றை கி.ரா. பத்திரப்படுத்தி வைத்திருந்தார், பின்னால் அவை புத்தகமாகவே வந்தன. கி.ரா.வின் 'மாயமான்' கதை சரஸ்வதி இதழில் வந்தது 1958-ல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி. அதற்குள் நண்பர் பெயர்பெற்ற எழுத்தாளர் ஆகிவிட்டார். இவ்வளவு காலம் கி.ரா. என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், என் கணக்குப்படி, எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஒரே ஒரு வாசகருக்காக, தபால்தலை ஒட்டி.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் ஃபாக்டரி என்று யாரும் சொல்லமாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ்தான். பகலில் அங்கே கட்டை அடுக்குவாள். வரி வரியாகக் காடி போட்ட மரச்சட்டத்தில் காடிக்கு ஒரு குச்சியாக வைத்து, அதன் மேல் அடுத்த சட்டத்தை அழுத்தி, மறுபடி குச்சி. கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெட்டி ஒட்டும் வேலை, குரோஸ் கணக்கில், ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன். இரண்டு கையிலும் பசை. கையில் பசையோடு வாரப் பத்திரிகையைத் தொட முடியாது, அதுவும் நாலு வீடு சேர்ந்து காசு போட்டு வாங்குகிற பத்திரிகை. அதனால் தொடர்கதையை வாசித்துக்காட்டுவது என் வேலை. நான் அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ.

நான் இழுத்து இழுத்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்திச் சூரியன், செவ்வானம், தென்னங்கீற்று என்று கதாசிரியர் ஆரம்பித்து இரண்டு வரி போவதற்குள் அத்தை தலையைத் தூக்காமலே சொல்வாள்: "அந்த வர்ணனையைத் தாண்டு. பேச்சுக்கு வா."

தாண்டுவேன். போகப் போக எனக்கும் ருசி தெரிந்துவிட்டது, அவள் சொல்வதற்கு முன்னாலேயே தாண்ட ஆரம்பித்தேன். ஒருநாள் விளையாடப் போகிற அவசரத்தில் ஒரு முழுப் பத்தியைத் தாண்டிவிட்டேன். "நில்லு, அவன் மெட்ராஸ்லல்ல இருந்தான், அதுக்குள்ள எப்படி வாசல்ல வந்து நிக்கான்?" திரும்பிப் போய் ரயில் பயணத்தை வாசிக்க வேண்டியதாயிற்று. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், எதை எடுத்தால் கதை விழுந்துவிடும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பசை நாற்றம் அடிக்கிற திண்ணைதான். பின்னாளில் சிறுகதைப் பட்டறை என்று காசு கட்டிப் போய் உட்கார்ந்த இடத்தில் இதையே இரண்டு நாள் சொன்னார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

மறுநாள் ஆபீசில் அத்தை அந்தக் கதையைச் சொல்வாள். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போயிருக்கிறேன். பிள்ளைகள் போவது அப்போது அங்கே சகஜம், பெருமைப்பட ஒன்றுமில்லை, அது தனியாக எழுதவேண்டிய விஷயம். சுற்றிலும் பெண்கள், எல்லோர் கையும் ஓடிக்கொண்டிருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு அத்தைதான் பொறுப்பு. நான் வாசித்த கதை அங்கே வேறு கதையாக இருக்கும். எழுதியவர் ஒரு வரியில் முடித்த மாமியார்-மருமகள் சண்டை அத்தை வாயில் முக்கால் மணி நேரம் நடக்கும். கதாநாயகன் மேல் யாருக்கும் அக்கறை இல்லை என்று தெரிந்ததும் அவனை துபாய்க்கு அனுப்பிவிட்டாள். அசல் கதையில் அவன் துபாய் பக்கமே போகவில்லை.

ஒரு வாரம் பத்திரிகை வரவில்லை. நாலு வீட்டில் எந்த வீட்டில் தொலைந்தது என்று தெரியவில்லை, பலகாரம் பொட்டலம் கட்டியிருக்கலாம். மறுநாள் ஆபீசில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். பத்திரிகை வரலை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அத்தை சொல்லவில்லை. கட்டையை எடுத்து மடியில் வைத்தாள், மாமியாரைப் பாம்பு கடித்துவிட்டது என்றாள். வைக்கோல் படப்புக்குப் பின்னால், விறகு எடுக்கப் போன இடத்தில். வாயில் நுரை, ஊரே கூடுகிறது, மருமகள் தலைவிரி கோலமாக ஓடி வருகிறாள், ஒப்பாரி. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், இது எந்தப் பத்திரிகையிலும் இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தேன்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. நான் வாசிக்கிறேன், முதல் வரியிலேயே மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறாள். அத்தை கை ஒரு நொடி நின்றது. அப்புறம் ஒட்டினாள். மறுநாள் ஆபீசில், "கடிச்சது தண்ணிப்பாம்பு" என்று ஆரம்பித்தாள். வயதான ஒரு அம்மா விடவில்லை. "ஒப்பாரி வச்சாகன்னு சொன்னியே?" "மயங்கிக் கெடந்ததைப் பார்த்து செத்துட்டான்னு நெனச்சு அழுதுட்டாக. முழிச்சுப் பார்த்தவ, மருமக அழுகுறதைப் பார்த்துட்டா. அதுல இருந்துதான் கொஞ்சம் எளகிட்டா." அந்த வாரம் அசல் கதையிலும் மாமியார் ஏதோ காரணத்தால் மருமகளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தாள், எழுதியவர் காரணமே சொல்லவில்லை. அத்தையின் பாம்பு அந்த ஓட்டையைக் கச்சிதமாக அடைத்துவிட்டது. இன்றுவரை அந்தத் தொடர்கதையில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அச்சில் வராத அந்த அத்தியாயம்தான்.

அத்தைக்கு இருந்தது படிப்பு ஆசை. அது அவளைக் கதை சொல்லவைத்தது, இட்டுக்கட்டவைத்தது. எழுதவைத்ததா? இல்லை. ஒரு வரி எழுதியதில்லை. எழுதவேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை, கேட்கிறவர்கள் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எழுத்து எப்போது வருகிறது என்றால், சொல்லியே ஆகவேண்டும், ஆனால் கேட்கிற ஆள் எட்டாத தூரத்தில் இருக்கிறான் என்ற நிலை வரும்போதுதான். அழகிரிசாமி கோலாலம்பூர் போகாமல் இடைசெவலிலேயே இருந்திருந்தால் அந்தக் கடிதங்களுக்கு வேலையே இல்லை, வேப்பமரத்தடியில் பேசியே தீர்த்திருப்பார்கள்.

கி.ரா. எழுத்தைப் படித்தவர்களுக்கு இது காதிலேயே தெரியும். ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுகிற குரல். கதையை விட்டுவிட்டு ஒரு பயிரைப் பற்றி, ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோமா என்று பார்த்துவிட்டு, திரும்பக் கதைக்கு வருவார். பேச்சில் இருக்கிற சொல்லை அச்சுக்காக அவர் மாற்றியதில்லை. அந்தச் சொற்களையே சேர்த்துக் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியும் போட்டார். பள்ளிக்கூடத்தில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. விருது வாங்கிய 'கோபல்லபுரத்து மக்கள்' வார இதழில் தொடராக வந்தது. அது வந்த காலத்தில் எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீசில் யாராவது அதை வாய்க்கதையாகச் சொல்லியிருப்பார்களா என்று எனக்கு ஓர் ஆசை. சொல்லியிருந்தால் தாண்டவேண்டிய பத்தி அதில் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

அழகிரிசாமிக்கு விருது கிடைத்தது இறந்த பிறகு. நாற்பத்தேழு வயது நிறையவில்லை. விருது பெற்ற தொகுப்பின் பெயர் 'அன்பளிப்பு', அந்தக் கதையே புத்தகம் பற்றியது என்று சொல்லலாம். புத்தகத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிற பிள்ளைகள், அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவருகிற ஒரு மாமா, அதில் கண்ணில் படாமலே போய்விடுகிற ஒரு பையன். கதையின் கடைசியில் அந்தப் பையன் என்ன கேட்கிறான் என்பதை இங்கே சொல்லமாட்டேன், சிறுகதைதான், படித்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் ஒரு கிராமத்தில் புத்தகத்துக்கு ஏங்கிய பையன் என்று தெரிந்துகொண்டு படித்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று உண்டு, நானே போட்டுக்கொள்கிறேன். கூட்டாளியே கிடைக்காதவர்கள்? எழுத்தாளர் சுந்தர ராமசாமியை எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் மூட்டு நோயால் படுக்கையில் கிடந்தவர், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனவர், பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழே ஒழுங்காகப் படிக்கக் கற்றார். பிடித்த எழுத்தாளர் புதுமைப்பித்தன். அவரோ 1948-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இறந்தவருக்கு என்ன கடிதம் எழுத முடியும்? இவர் 1951-ல் அவருக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார், இருபது வயதில். தன் முதல் கதையையும் அதிலேயே போட்டார். எனக்கு அது தபாலில் சேர்க்க முடியாத கடிதம் மாதிரிதான் படுகிறது. பிற்காலத்தில் நாகர்கோவிலில் அவர் வீட்டில் 'காகங்கள்' என்று ஒரு கூட்டம் நடந்தது, எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். தனக்கு அந்த வயதில் கிடைக்காத திண்ணையைப் பின்னால் வருகிறவர்களுக்குப் போட்டுக்கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் எட்டாவது படிக்கும்போது அத்தை வீடு திருப்பூருக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மழை ஏமாற்றினால் பனியன் கம்பெனிதான். தொடர்கதை வாசித்துக்காட்ட ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால் இன்லேண்ட் லெட்டர் வாங்கி, நூலகத்தில் படித்த கதைகளை அவளுக்கு எழுத ஆரம்பித்தேன். இன்லேண்ட் லெட்டரில் எவ்வளவு இடம் இருக்கும் என்று பழையவர்களுக்குத் தெரியும். இருநூறு பக்க நாவலை அதற்குள் அடக்க வேண்டும். முதல் பக்கத்தில் தாராளமாக ஆரம்பித்து, கடைசி மடிப்பில் எறும்பு எழுத்தில் மூன்று கல்யாணத்தையும் ஒரு சாவையும் திணித்து, ஒட்டுகிற விளிம்பு வரை எழுதி, அவள் பிரிக்கும்போது கிழிந்து முடிவு போய்விடும். ஒருமுறை அப்படித்தான், முடிவு கிழிந்துவிட்டது, அத்தை தானாக ஒரு முடிவு போட்டுக்கொண்டாள். அது என்ன என்று பதில் எழுதினாள், புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

இப்படி எழுதிக்கொண்டிருந்தபோது ஒருநாள் நூலகத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. லெட்டர் வாங்கியாகிவிட்டது. படித்த கதை மாதிரியே, எங்கள் தெருவில் நடந்ததை வைத்து ஒன்று எழுதிப்போட்டேன், புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல். அத்தையின் பதில் அஞ்சலட்டையில் வந்தது. கதை நன்றாக இருந்ததாம். நடுவில் அந்தக் கண்மாய்க்கரை நீளமாம். எழுதியவன் பெரிய ஆளாக இருந்தால் பரவாயில்லை, சின்னவனாக இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல், என்று எழுதியிருந்தாள். தெரிந்துதான் எழுதினாளா என்று இன்றைக்கும் கேட்கவில்லை.

அதனால் எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால், ஐம்பது புத்தகக் கணக்கைப் பற்றி நான் பேசுவதில்லை. கடைசியாகப் படித்த கதையை யாரிடம் சொன்னாய் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். சிலர் மதிப்பீடு போட்டேன், நட்சத்திரம் கொடுத்தேன் என்பார்கள். நாலு நட்சத்திரம் என்றால் கதை சொன்னதாக ஆகாது, அதில் யாரும் 'நில்லு, அவன் அதுக்குள்ள எப்படி வந்தான்?' என்று கேட்கப்போவதில்லை. அம்மாவிடம் சொல், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் சொல், அவன் எந்த இடத்தில் போனை எடுக்கிறான் என்று பார்த்துவை. வெளியூரில் நண்பன் இருந்தால் வாய்ஸ் மெசேஜில் சொல்லாமல் எழுதி அனுப்பு. குரலில் சொன்னால் அத்தை மாதிரி தப்பித்துவிடலாம், எழுத்தில் பாம்பு கடித்தால் கடித்ததுதான்.

எனக்கு இப்போது அந்த வேலையைச் செய்வது என் மனைவி. கதை எழுதி முடித்ததும் சமையலறை வாசலில் நின்று வாசிப்பேன், அவள் கை வேலையாக இருக்கும். இந்தப் பதிவையும் வாசித்தேன். சுந்தர ராமசாமி பகுதியை இன்னும் வெட்டலாம் என்றாள், பாம்பு வருகிற இடத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். சுந்தர ராமசாமி பகுதி முதலில் இரண்டு மடங்கு இருந்தது.